காற்று போக்க நாற்பது நிமிடம்

பிப்ரவரி 4, ஞாயிறு

பம்பு பதிவேட்டில் 'குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு. இரண்டு விரல் அகலம். 'மோட்டார் சூடு', 'மூன்றாம் தெருவில் கசிவு', 'கரண்ட் இல்லை' என்று எழுதலாம். வயிற்றெரிச்சலை எழுத அதில் இடம் காணாது. நகைக்கடையில் சும்மா கொடுத்த டைரி ஒன்று அரிசி டின் மேல் கிடந்தது. இனி அதில் எழுதுவதென்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் சீனியம்மாள். தென்றல் நகர் குடிநீர்ச் சங்கத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. முன்னால் என் வீட்டுக்காரர் தவசிலிங்கம் பார்த்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு எட்டு வருஷமாக நான் பார்க்கிறேன். பஞ்சுமில்லில் வேலை பார்த்தவர்கள் கூட்டாக மனை வாங்கி, ஓடைக்கரையில் கிணறு வெட்டி, தாங்களே பள்ளம் தோண்டிக் குழாய் பதித்து உண்டாக்கிய சங்கம் இது. அரசாங்கத் தண்ணீர் இன்றுவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்பு. ஒரு இணைப்புக்கு ஒரு ஓட்டு.

இன்று காலை காரில் இரண்டு பேர் வந்து கிணற்றுக்குள் ஏதோ ஒரு கருவியை இறக்கி ஏற்றினார்கள். சங்கத் தலைவர் சௌந்தரபாண்டி அண்ணாச்சி கூடவே நின்றார். கம்பெனிக்காரர்களாம். சங்கத்தை மொத்தமாக விலைக்குக் கேட்கிறார்களாம்.

"கெணத்த விப்பீக, மோட்டார விப்பீக. என்னையுஞ் சேத்து வித்துருவீகளா அண்ணாச்சி?" என்று கேட்டேன். எப்போதும் சிரிக்கிற மனுஷன் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 7, புதன்

இன்று வால்வு 14-இன் முறை. யாரிடமும் சொல்லாததை டைரியிடமாவது சொல்லிவைக்கிறேன்.

வால்வு 14 எங்கள் நகரின் கடைசி வால்வு. சங்கத்தைப் பொறுத்தவரை அதற்கப்பால் ஒன்றும் கிடையாது, குழாய் அங்கே முடிகிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை அதைத் திறந்துவிட்டு, பதிவேட்டில் 'காற்று போக்க, 40 நிமிடம்' என்று எழுதுகிறேன். குழாய்க்குள் காற்று அடைத்தால் தண்ணீர் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் காற்று போக இரண்டு நிமிடம் போதும். மிச்சம் முப்பத்தெட்டு நிமிடமும் ஓடைப் புறம்போக்கில் இருக்கிற எட்டு வீட்டுக்குத் தண்ணீர் போகிறது.

அந்த எட்டு வீட்டாரும் சங்கத்தில் சேரக் கேட்டு வந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். பொதுக்குழு கை தூக்கி மறுத்தது. சொந்த மனை இல்லை என்று காரணம் எழுதினார்கள். உண்மையான காரணத்தை யாரும் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும், அவர்கள் யார், நாங்கள் யார் என்று.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, என் ஒரே மகள் ராஜகனி அந்தத் தெருப் பையன் காளிராஜைக் கட்டிக்கொண்டு ஏழாவது வீட்டுக்குப் போனாள். நான் தலைமுழுகிவிட்டேன். என் வீட்டுக்காரரும் தலைமுழுகிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் செத்த பிறகு சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு கிடைத்தது. '14: அந்தப் பக்கம், 25 நி.' என்று எழுதியிருந்தது. போய்த் தோண்டிப் பார்த்தால் மண்ணுக்கடியில் குழாய். எனக்குத் தெரியாமல் மனுஷன் எட்டு வீட்டுக்கும் இழுத்திருக்கிறார். பதிவேட்டில் காற்று, காற்று என்று எழுதி வந்ததும் அவர் ஆரம்பித்து வைத்ததுதான்.

ஆத்திரத்துக்கு அன்றைக்கே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. செத்தவர் தொடங்கிய வேலை, கெடுக்க வேண்டாமென்று விட்டேன், அவ்வளவுதான். இருபத்தைந்து நாற்பதானது குழாய் பழசாகி அழுத்தம் குறைந்ததால். அந்த வீட்டில் குழந்தை பிறந்த மாதமும் அதே மாதம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

வால்வுப் பக்கம் கிடக்கிற தகர டிரம்முக்குப் பின்னால் நின்றால் அங்கே குடம் நிறைகிற சத்தம் கேட்கும். வால்வில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் நிற்பேன்.

பிப்ரவரி 8, வியாழன்

மோட்டாருக்கு கிரீஸ் வைத்தேன். மாவு புளித்துவிட்டது. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

பொதுக்குழு. சமுதாயக் கூடத்தில் நாற்காலி போதாமல் ஆட்கள் ஜன்னலோரம் நின்றார்கள்.

அண்ணாச்சி எழுந்து, "எனக்கு எழுவத்தொண்ணு நடக்கு. முட்டி ரெண்டும் போச்சு. டேங்க்கு ஏணியில ஏறி எட்டு மாசமாச்சு. இந்த வருசம் மட்டும் மோட்டார் மூணு தடவ எரிஞ்சிருக்கு. எனக்குப் பெறகு வாரேன்னு ஒரு ஆள் கை தூக்குங்க, நான் விக்கல" என்றார். ஒருவரும் தூக்கவில்லை. ஊர்ப்பட்ட நியாயம் பேசுகிறவர்கள் எல்லாம் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி புதுக் குழாய் பதிக்குமாம், வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்குமாம், இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வருமாம். என் பக்கத்து வீட்டு பாக்கியம் அதைக் கேட்டதும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், பாயசம் குடித்தவள் மாதிரி.

கைகளை எண்ணுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எண்ணிக்கொண்டிருந்ததால் நான் கை தூக்கவில்லை. விற்கலாம் என்று 101. வேண்டாம் என்று 96. இரண்டு தடவை எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போதுதான் சுருக்கென்றது. அந்த எட்டு வீட்டாரும் உறுப்பினராக இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தொண்ணூற்றாறும் எட்டும் நூற்று நாலு. சங்கம் பிழைத்திருக்கும். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

பிப்ரவரி 26, திங்கள்

கம்பெனி இன்ஜினியர் வந்தார். நிர்மல்குமார் என்று பெயர். என் மகள் வயசுதான் இருக்கும், மரியாதையான பிள்ளை. குழாய் போகிற வரைபடத்தைக் கேட்டார். எங்களுக்கு ஏது வரைபடம்? ஒவ்வொரு வால்வும் எங்கே புதைந்திருக்கிறது, எத்தனை சுற்று திறக்கணும் என்பதெல்லாம் என் தலைக்குள்தான் இருக்கிறது.

"அப்ப நீங்கதாம்மா வரைபடம். வரைஞ்சு குடுங்க" என்று பெரிய தாளை விரித்தார்.

நாள் முழுக்க நடந்து நடந்து வரைந்தேன். டேங்க்கிலிருந்து ஒன்றாம் தெரு, பிள்ளையார் கோயில் முக்கு, ரேஷன் கடை. பதினாலாம் நம்பருக்கு வந்ததும் பென்சில் கொஞ்சம் நின்றது. அதற்கப்பால் கோடு போட்டால் எட்டு வீடும் திருட்டு இணைப்பு என்று வெட்டிவிடுவார்கள். வட்டம் போட்டு 'காற்று போக்க' என்று எழுதி முடித்துவிட்டேன்.

அவர் பதிவேட்டைப் புரட்டி, "நாற்பது நிமிஷம் காத்தா போகும்?" என்றார்.

"மேடு பள்ளமான ஊரு தம்பி. காத்து கொஞ்சத்துல போயிருமா? ஒங்க படிப்புல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாக" என்றேன். சிரித்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

ஒருவழியாகக் காப்பாற்றிவிட்டேன். அவர் போன பிறகு டீ போட்டுக் குடித்தேன்.

மார்ச் 9, சனி

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. கிணற்றில் தண்ணீர் இரண்டு படி இறங்கிவிட்டது. 14 திறந்தேன். நாற்பது நிமிடம் என்று எழுதிவிட்டு நாற்பத்தைந்து விட்டேன்.

மார்ச் 30, சனி

பதிவேடுகளை ஒப்படைத்தேன். ஒன்பது வருஷத்துப் பதிவேடு, பதினோரு நோட்டு. என் வீட்டுக்காரர் கையெழுத்தில் ஒன்றும் என் கையெழுத்தில் பத்தும். வால்வுச் சாவியையும் கேட்டார்கள். என் இடுப்புயர இரும்புக் கம்பி அது, பிடிக்கிற இடம் அவர் கைபட்டு என் கைபட்டு வழுவழுவென்று ஆகிவிட்டது. "கம்பெனி சாமான்லயே எல்லாம் புதுசா தருவோம்மா" என்றார் இன்ஜினியர். வேலை எனக்கே தொடருமாம், நீலச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

சாவியைக் கொடுக்கும்போது அழுகை வந்தது. பழைய இரும்புக்காக அழுகிறேன் என்று அண்ணாச்சி நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

ஏப்ரல் 1, திங்கள்

பூஜை போட்டுக் கம்பெனி பொறுப்பெடுத்தது. கேசரி கொடுத்தார்கள், நெய் பற்றாது.

ஏப்ரல் 5, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

காலையில் 14-ஐத் திறக்கப் போனேன். அங்கே ஏற்கெனவே நாலு ஆட்கள். பள்ளம் தோண்டி வால்வைக் கழற்றி எடுத்துவிட்டு, குழாய் முனையில் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கி, மேலே கான்கிரீட்டும் ஊற்றிவிட்டார்கள். கான்கிரீட் இன்னும் ஈரமாக இருந்தது.

இன்ஜினியர் சந்தோஷமாக வந்தார். "அம்மா, ரொம்ப நன்றி. ஒங்க பதிவேடு இல்லேன்னா இது தெரிஞ்சிருக்காது. காத்துக்கு தானா திறந்து மூடுற புது வால்வு டேங்க் பக்கமே வச்சாச்சு. இங்க ஒன்பது வருஷமா மூணு நாளைக்கு ஒருக்க நாற்பது நிமிஷத் தண்ணி வீணாப் போயிருக்கு. கம்பெனி மிச்சம் பிடிச்ச முதல் தண்ணி இதுதான்."

சொல்லியிருக்கலாம். காற்று இல்லை, எட்டு வீடு, இருபத்தொன்பது உயிர் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "அப்படியா தம்பி" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

ஒளித்து வைத்தால் காப்பாற்றியதாகும் என்று நினைத்தேன். ஒளித்து வைத்ததை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்தவள் நான்.

ஏப்ரல் 8, திங்கள்

இன்று 14-இன் முறை.

ஏப்ரல் 9, செவ்வாய்

வீட்டுக்கு ஒருவராக எட்டுப் பேர் குடத்தோடு சாலையோரமாக வரிசையாக நடந்து போகிறார்கள். ரெண்டு மைலுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டாரில் வீட்டுக்கு ஒரு குடம் பிடிக்க விடுகிறாராம் தோட்டக்காரர். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. இரண்டு குடத்தில் ஒரு வீடு குடிக்கணும், குளிக்கணும், கழுவணும்.

ஏழாவதாக ராஜகனி போனாள். இளைத்திருந்தாள். கூடவே ஒரு சின்னப் பெண் எவர்சில்வர் தூக்குவாளியோடு ஓடினாள். வாளியைத் தூக்குகிற கை என் வீட்டுக்காரருடையது மாதிரியே கொஞ்சம் வெளியே வளைந்திருக்கிறது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு சாலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். ராஜகனி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மட்டும் நான் என்ன சொல்லியிருப்பேன்?

ராத்திரிக்கு ஒன்றும் சமைக்கவில்லை. குழாயைத் திறந்தால் என் வீட்டில் தண்ணீர் கொட்டுகிறது, இருபத்துநாலு மணி நேரமும்.

ஏப்ரல் 11, வியாழன்

பொறுக்க முடியாமல் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திடுக்கிடுவார் என்று பார்த்தால் தைலத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"தெரியும் தாயி."

"என்ன தெரியும்?"

"தவசி அன்னைக்கிப் பள்ளம் தோண்டுன மம்பட்டி யாரு மம்பட்டின்னு நெனச்ச? என் மம்பட்டிதான். நானும் ஒரு ஓரமா நின்னு தோண்டுனேன். பாதி ஊருக்குத் தெரியும். ஒரு பய வாயத் தெறக்கல."

எட்டு வருஷமாகத் திருடி மாதிரி மறைந்து மறைந்து திறந்தேனே!

"தெரிஞ்ச பெறகு ஏன் அண்ணாச்சி அவுகளச் சங்கத்துல சேக்கல?"

"நீ ஒரு வார்த்த கேப்பேன்னு பாத்தேன். வருசா வருசம் பொதுக்குழுவுல முன்வரிசையில ஒக்காந்திருப்ப. அங்கன இருக்கது என் மக வீடு, சேத்துக்கோங்கன்னு நீ எந்திரிச்சு சொல்லியிருந்தா, நான் எப்படியாச்சும் சேத்திருப்பேன். பெத்தவளே வாய மூடிக்கிட்டு இருக்கா, நான் எந்த மூஞ்சிய வச்சுப் பேச?"

அவர்தான் மறுபடி, மெதுவாக, "கம்பெனி ஆபீசுல போயி கிளை இணைப்புப் பாரம் கேளு. இணைப்பு இருக்கவுக தன் சொந்தக்காரகளுக்குத் தன் பேருல கிளை எடுக்கலாம், பட்டா வேண்டாம். விக்கிற பத்திரத்துல நான் மல்லுக்கட்டி எழுத வச்ச விதி அது ஒண்ணுதான். பதினஞ்சாந்தேதியோட முடியுது. அத யாருக்காக எழுத வச்சேன்னு நெனக்க?" என்றார்.

ஒன்றை இதுவரை எழுதாமல் விட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பொதுக்குழு கை தூக்கி மறுத்தது என்று எழுதினேன் அல்லவா? முதலில் தூக்கிய கை என்னுடையது. அண்ணாச்சி கேட்டு முடிக்கும் முன்னால் தூக்கினேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

பாரம் வாங்கி வந்தேன். இன்ஜினியரிடம் உண்மையைச் சொன்னேன், காற்று இல்லை என்று. அந்தப் பிள்ளை முகம் செத்துவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பத்திரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டுதான் இருக்கிறது, கான்கிரீட்டை உடைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, கிளை இணைப்புக்கு மனு வந்தால் மேலே அனுப்பலாம் என்றார்.

பாரத்தில் ஒரு கட்டம்: 'மனுதாரருக்கு இணைப்புதாரருடன் உள்ள உறவுமுறை'. அதுவும் இரண்டு விரல் அகலம்தான்.

ஏப்ரல் 13, சனி

பேனாவை எடுத்தேன், வைத்தேன். மூன்றெழுத்து. பத்து வருஷமாக வாயால் சொல்லாத மூன்றெழுத்து. எழுதினாலும் ராஜகனி கையெழுத்துப் போட வேண்டுமாம். அதற்கு நான் அங்கே போக வேண்டும்.

துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப்பிறப்பு. கோயிலுக்குப் போகிறேன் என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டு ஓடைப் பக்கம் இறங்கிவிட்டேன். கான்கிரீட்டைத் தாண்டி நூறடிகூட இல்லை. இந்த நூறடியை நடக்க எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

எட்டு வீட்டு வாசலிலும் காலிக் குடங்கள். யாரும் வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. முதல் வீட்டு மாடத்தி மட்டும் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். அன்றைக்குப் பொதுக்குழுவில் மனுவோடு நின்றவள் அவள்தான். என் கையை மறந்திருக்க மாட்டாள்.

ராஜகனி வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று சபதம் போட்டவள் நான். அந்தத் தண்ணீரோ, காலையில் அவள் ரெண்டு மைல் சுமந்து வந்தது. வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். உப்புக் கரித்தது. என் கண்ணீரா, தோட்டத்துத் தண்ணீரே அப்படித்தானா, தெரியவில்லை.

"வால்வ மூடுனது நான்தான் புள்ள. எழுதிக் குடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "தெறந்து விட்டது நீதான்னும் தெரியும். டிரம்முக்குப் பின்னாடி ஒன் சேலை தெரியும். பாப்பாதான் 'ஆச்சி வந்துருச்சு, கொடத்த எடுங்க'ன்னு சொல்லுவா."

பாப்பாவின் பெயரைக் கேட்டேன். தவச்செல்வியாம். அப்பா பெயரை வைத்திருக்கிறாள்.

பாரத்தை நீட்டினேன். வாசித்தாள். காலியாக இருந்த உறவுமுறைக் கட்டத்தில் விரலை வைத்து, "ஒரு பாரந்தானா?" என்றாள்.

"ஒனக்குத்தான் கேக்க முடியும். நீதான மக."

"எனக்கு மட்டும் தண்ணி வந்தா இந்தத் தெருவுல நான் எப்படி இருக்க? அப்பா எட்டு வீட்டுக்கும்ல இழுத்தாக. ஏழாவது வீட்டுக்கு மட்டும் இழுக்கத் தெரியாமலா இருந்துச்சு அவுகளுக்கு?"

"சொந்தக்காரகளுக்குத்தான் தருவாகளாம் ராஜகனி."

"அப்ப எட்டையும் சொந்தம்னு எழுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 15, திங்கள்

இன்னும் ஏழு பாரம் வாங்கினேன். காலையிலேயே எட்டு வீட்டிலும் உட்கார்ந்து எழுதினேன். மாடத்திக்கு என்னைவிட நாலு வயசு குறைவு, தங்கை என்று போட்டேன். அவள் கைநாட்டு வைத்துவிட்டு, "அன்னைக்கே எழுதியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது வீட்டுக்குத் தம்பி. மூன்று, நாலு, ஐந்துக்கு மருமக்கள். ஆறாவதில் மதினி. எட்டாவதில் தனியாக இருக்கிற பெரியவருக்கு அண்ணன். ஏழாவது பாரத்தை ராஜகனி முன்னால் வைத்து எழுதினேன், மகள் என்று. பேனா நன்றாகத்தான் எழுதியது.

ஆபீசில் மீட்டருக்குக் கையெழுத்துப் போட எங்கள் தெரு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கிளார்க் ஒவ்வொரு பாரத்தையும் சத்தமாக வாசித்தார். தங்கை. தம்பி. மருமகன். வரிசையில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

பாக்கியம் என் காதுக்குள் வந்து, "ஏக்கா, மாடத்தி எப்பக்கா ஒங்களுக்குத் தங்கச்சி ஆனா?" என்றாள்.

"இன்னைக்கிக் காலையில."

"நீங்க எந்த ஆளு, அவுக எந்த ஆளு? ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"ஆமா புள்ள. பன்னெண்டு வருசத்துக்கு முன்ன பிடிச்ச கிறுக்கு, இன்னைக்கித்தான் தெளிஞ்சிருக்கு."

இன்ஜினியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அம்மா, ஒங்க மகளுக்கு மட்டும் போட்டா நான் இன்னைக்கே மேல பேசி வாங்கித் தர முடியும். இப்படி எட்டையும் போட்டா விசாரணை வரும். பொய்னு ஆச்சுன்னா ஒங்க இணைப்பையும் வெட்டுவாங்க, வேலையும் போயிரும். ஏழு பாரத்த எடுத்துருங்கம்மா, ப்ளீஸ்."

சத்தியமாக எழுதுகிறேன், ஆசையாக இருந்தது. பாப்பாவின் தூக்குவாளி கண்ணுக்குள் நின்றது. ஒரே ஒரு பாரம், நாளைக்கே தண்ணீர். கையை நீட்டிவிட்டேன் அந்த ஏழு தாளையும் வாங்க.

நீட்டிய கையைப் பார்த்தேன். வலது கை. அன்றைக்கு முதலில் தூக்கிய அதே கை. மடக்கிக்கொண்டேன்.

"எட்டும் எஞ் சொந்தந்தான் தம்பி. அனுப்புங்க" என்றேன்.

ஏப்ரல் 24, புதன்

பதில் இல்லை. ஏழாவது வீட்டுப் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டேன். தோட்டத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. இருட்டும் முன்னால் என் வீட்டிலிருந்து காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை இரண்டு கேனில் தூக்கிக்கொண்டு நடுத்தெரு வழியாகவே போனேன். எட்டு வீட்டுக்கும் பங்கு வைத்ததில் ஆளுக்கு நாலு டம்ளர் வந்தது. நான் ஒருத்தி சுமந்து எத்தனை நாளைக்கு?

ஏப்ரல் 26, வெள்ளி

பாப்பாவுக்குத் தேவலை. என் குழாயிலிருந்து தண்ணீர் வெளியே போவதாகப் புகார் போயிருக்கிறது. யார் எழுதியது என்று கேட்கவில்லை. பாக்கியம் இரண்டு நாளாகக் கோலம் போட வெளியே வரவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. உறவுமுறை குறித்த என் வாக்குமூலம் நம்பத்தகுந்ததாக இல்லையாம். மே மாதம் 20-ஆம் தேதி விசாரணை. அக்கம்பக்கத்தாரைக் கேட்பார்களாம், இவர்கள் சீனியம்மாளுக்குச் சொந்தம்தானா என்று. அதுவரை எட்டு மனுவும் நிறுத்திவைப்பு. என் இணைப்பும் நிறுத்திவைப்பு. வேலையும் அப்படியே.

சாயங்காலம் ஆள் வந்து என் வீட்டுக் குழாயை மூடி சீல் வைத்தான். என்னிடம் வேலை பழகிய ஆள்தான். தலையைத் தூக்கவே இல்லை. நீலச் சட்டையை மடித்து அவனிடமே கொடுத்துவிட்டேன்.

விசாரணையில் என் தெரு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அல்லவா நான். எனக்கு நம்பிக்கை இல்லை. அண்ணாச்சி மட்டும் சொந்தம்தான் என்று சொல்லுவார். ஒரு கை.

பானையில் அரைப் பானை தண்ணீர் இருக்கிறது.

மே 2, வியாழன்

பானை காலி. காலை ஆறு மணிக்குப் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தேன். எட்டுப் பேரும் வந்துகொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் ராஜகனி நின்றாள். "பித்தளை கனக்கும்மா. பிளாஸ்டிக் கொடம் இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, வரும்போது தலைக்கு வேண்டும் என்று என் கையில் வைத்தாள்.

ரெண்டு மைல். எனக்கு ஐம்பத்தாறு வயசு. வால்வைத் திருகிய கைக்குத்தான் பலம், காலுக்கு இல்லை. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் வரிசை நின்றது.

தோட்டக்காரர் மோட்டார் ரூம் வாசலில் நின்று தலை எண்ணினார். அவர் கணக்கு எட்டு. ஒன்பதாவதாக நின்ற என்னிடம் வந்ததும் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"இந்தம்மா யாரு? தென்றல் நகர் ஆளு மாதிரியில்ல இருக்கு. எட்டுக் கொடந்தான் நான் சொன்னது. எனக்கே கெணறு வத்திக்கிட்டு வருது."

என்னவென்று சொல்ல? தண்ணீர் திறந்து விடுகிறவள் என்றா? குடத்தை இடுப்பிலிருந்து இறக்கித் திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். ராஜகனி வாயைத் திறக்கும் முன்னால் மாடத்தி முந்திக்கொண்டாள்.

"எங்க தெரு ஆளுதான் அண்ணாச்சி. எங்க அக்கா. விடுங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. யாரும் கை தூக்கவில்லை. தோட்டக்காரர் கையை எடுத்துவிட்டார். என் குடத்தை ராஜகனியே வாங்கிக் குழாய்க்கடியில் வைத்தாள்.

திரும்பி வரும்போது பழக்கமில்லாமல் கால்வாசித் தண்ணீரைச் சிந்திவிட்டேன். கழுத்து வலிக்கிறது. இருபதாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, அதற்கப்புறமும் தண்ணீர் வரும் என்று நான் நம்பவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பணும், லேட்டானால் மோட்டாரை நிறுத்திவிடுவார், அரை மணி முன்னாலேயே வந்துவிடு என்று ராஜகனி சொல்லியிருக்கிறாள்.